அரை மணியில் கிருமியைக் காட்டும் கருவி: உணரி தயார், மாதிரி தயாரில்லை

கேள்வி: தண்ணீரிலோ உணவிலோ நோய் தரும் பாக்டீரியா இருக்கிறதா என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிடும் மலிவான கையடக்க உணரிகள் கண்டுபிடிக்கப்பட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியைப் போல அவை ஏன் இன்னும் எல்லார் கைக்கும் வரவில்லை? இப்போது விற்பவற்றில் ஒன்றை வாங்குவதானால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

அந்தச் செய்திகள் பொய்யல்ல. உணரி நிஜமாகவே வேலை செய்கிறது. அரை மணிக்குள் செய்கிறது. அதைத் தயாரிக்கும் செலவும் சொற்பம்தான். ஆனால் செய்தியில் வரும் அந்த அரை மணி, கிருமி உணரிக்கு அருகே வந்து சேர்ந்த பிறகு எண்ணத் தொடங்கும் அரை மணி. அதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலைக்குச் சில சமயம் ஒரு பகல், சில சமயம் ஓர் இரவு ஆகிவிடுகிறது. இந்தத் துறையின் சிக்கல் பெரும்பாலும் அந்த முன்வேலையில்தான் கிடக்கிறது. ஆய்வுப் பணமும் தலைப்புச் செய்திகளும் உணரியின் பக்கமே சாய்ந்திருப்பது எனக்கு நெடுநாளாக உள்ள குறை.

நீங்கள் சொன்ன சர்க்கரைக் கருவியையே எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கருத்தை லேலண்ட் கிளார்க் 1962-ல் முன்வைத்தார்: மின்வாயின் (எலக்ட்ரோடின்) மேல் ஒரு நொதியை நிறுத்தி, அது குளுக்கோஸுடன் புரியும் வினையை மின்குறிப்பாக அளப்பது. இன்றைய பட்டைகள் அதன் வாரிசுகள். அவை இவ்வளவு இலகுவாக வேலை செய்வதற்குப் பொறியியல் திறமை மட்டும் காரணமல்ல. ரத்தத்தில் குளுக்கோஸ் கொட்டிக் கிடக்கிறது. லிட்டருக்கு 5 மில்லிமோல் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 3,000 லட்சம் கோடி மூலக்கூறுகள். எந்தத் துளியை எடுத்தாலும் குளுக்கோஸ் இருக்கும். ‘எவ்வளவு’ என்பதை மட்டும் சொன்னால் போதும்.

கிருமியிடம் நாம் கேட்பது ‘எவ்வளவு’ அல்ல, ‘இருக்கிறாயா’ என்பதை. குடிநீரில் எந்த 100 மில்லிலிட்டர் மாதிரியிலும் குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ.கோலை தென்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அப்படியே உண்ணும் பல உணவுகளில் 25 கிராமுக்குள் ஒரு சால்மோனெல்லா பாக்டீரியாகூட இருக்கக் கூடாது என்பது பரவலான விதி. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஈ.கோலையின் ஓ157:எச்7 என்ற கொடிய வகை, நூற்றுக்கும் குறைவான செல்கள் உடலுக்குள் போனாலே ஆளைப் படுக்கவைக்கக் கூடியது. 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கர் வழியாகப் பரவி 700-க்கும் மேற்பட்டோரை நோயில் தள்ளியது. நான்கு குழந்தைகள் இறந்தார்கள்.

ஒரு ஈ.கோலை செல்லின் நீளம் 2 மைக்ரோமீட்டர் அளவு. ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்குதான் அதன் எடை. 25 கிராம் உணவில் அப்படி ஒன்றே ஒன்று என்றால் அது கடலில் கரைத்த பெருங்காயம். ஆய்வகங்களில் உருவாகும் சில்லுகள் பலவும் ஏற்பது 10 மைக்ரோலிட்டர் போன்ற ஒரு சின்னத் துளியை. 100 மில்லிலிட்டர் தண்ணீரில் அப்படிப்பட்ட துளிகள் 10,000 இருக்கின்றன. கிருமி அவற்றுள் ஒன்றில் இருக்கிறது. நீங்கள் எடுத்த துளியில் அது இல்லாவிட்டால், எவ்வளவு கூர்மையான உணரியும் ‘இல்லை’ என்றுதான் சொல்லும். அந்தத் துளியைப் பொறுத்தவரை அது சொல்வது சரியும்கூட! சராசரியாக மூன்று செல்கள் வரும்படி தாராளமாக மாதிரி எடுத்தாலும், இருபது தடவைக்கு ஒரு தடவை ஒன்றுமே சிக்காது. இது கருவியின் குறையல்ல, வெறும் நிகழ்தகவுக் கணக்கு. எந்த மின்னணுவியலாலும் இதைத் தாண்ட முடியாது.

பழைய வளர்ப்பு முறை இந்த இடத்தில் புத்திசாலித்தனமானது. அது கிருமியைத் தேடி அலைவதில்லை. மாதிரி முழுவதையும் ஊட்டக் கரைசலில் போட்டு, கிருமியே பெருகித் தன்னைக் காட்டட்டும் என்று காத்திருக்கிறது. விலை, நேரம். ஈ.கோலைக்கு ஒரு நாள். சால்மோனெல்லா என்று உறுதிசெய்ய மூன்று முதல் ஐந்து நாள். லிஸ்டீரியாவுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். முடிவு வருவதற்குள் அந்த உணவைச் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். விரைவு உணரி வேண்டும் என்ற தேவை முழுக்க முழுக்க நியாயமானதுதான்.

இனி உணரிகளுக்கு வருவோம். எல்லாரும் அறிந்தது பட்டைச் சோதனை. வீட்டிலேயே கர்ப்பம் பார்க்கும் பட்டையாக 1988-ல் சந்தைக்கு வந்த அதே நுட்பம். தங்கத் துகள்களில் எதிர்ப்பொருளை (தேடும் பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதத்தை) ஒட்டி, தேடும் பொருள் இருந்தால் சிவப்புக் கோடு விழச் செய்வது. மின்சாரம் வேண்டாம், பயிற்சி வேண்டாம், கால் மணியில் முடிவு. ஆனால் பாக்டீரியாவுக்குப் பயன்படுத்தும்போது, மில்லிலிட்டருக்கு லட்சம் முதல் பத்து லட்சம் செல்கள் இருந்தால்தான் பொதுவாகக் கோடு கண்ணுக்குத் தெரியும். மேலே சொன்ன ‘25 கிராமில் ஒன்று’ எங்கே, இது எங்கே?

அடுத்தது மின்வேதி உணரி. செய்திகளில் அதிகம் அடிபடுவது இதுதான். எனக்கும் பிடித்தது இதுதான். நெகிழித் தாளில் கார்பன் மையை அச்சிட்டால் மின்வாய் தயார். அதைவிடச் சுவையான வழி ஒன்றை 2014-ல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் காட்டினார்கள்: பாலிஇமைடு என்ற நெகிழித் தாளின் மேல் சாதாரண கார்பன் டை ஆக்சைடு லேசரை ஓட்டினால், லேசர் பட்ட இடம் கரிந்து நுண்துளை நிறைந்த கிராஃபீனாக, அதாவது மின்சாரம் கடத்தும் மெல்லிய கார்பன் படலமாக, மாறிவிடுகிறது. அச்சுக் கூடம் வேண்டாம், தூசியற்ற அறை வேண்டாம். கணினியில் வரைந்த வடிவத்தை லேசர் எழுதிக் கொடுத்துவிடும். அதன் மேல் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பிணைத்துவிட்டு, கரைசலில் ஃபெர்ரிசயனைடு போன்ற ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால், அது மின்வாயைத் தொட்டு எலக்ட்ரான்களைப் பரிமாறிக்கொண்டே இருக்கும். கிருமி வந்து ஒட்டிக்கொண்டால் அந்த வழி அடைபடும். மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கான தடை, ஏறும். ஏற்றத்தை அளந்தால் கிருமியை அளந்த மாதிரி.

இந்த வகைக் கிராஃபீன் மின்வாயைக் கொண்டு கோழிச் சாற்றில் சால்மோனெல்லாவை 22 நிமிடத்தில், மில்லிலிட்டருக்கு 13 செல்கள் என்ற அளவு வரை கண்டதாக 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. பட்டைச் சோதனையோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு முன்னேற்றம். அருமையான வேலை, சந்தேகமில்லை. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 கிராம் உணவை 225 மில்லிலிட்டர் கரைசலில் கலக்குவது வழக்கம். அந்த 250 மில்லிலிட்டரில் மில்லிலிட்டருக்கு 13 என்றால் மொத்தம் 3,250 செல்கள். விதி கேட்பதோ ஒன்று.

அப்படியானால் ஒன்றை வளர்த்துப் பெருக்கியே ஆக வேண்டும். இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பட்டைச் சோதனைக்குத் தேவையான மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்ற நிலையை 250 மில்லிலிட்டரில் எட்ட, ஒரு செல் ஏறக்குறைய 25 தடவை இரட்டிக்க வேண்டும். நல்ல சூட்டில், நல்ல ஊட்டத்தில், ஓர் இரட்டிப்புக்கு 20 நிமிடம். ஆக எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். குளிரூட்டலிலோ உப்பிலோ அடிபட்டு வந்த செல் தெளிந்தெழ எடுக்கும் நேரம் தனி. இப்போது பட்டையைவிட ஆயிரம் மடங்கு கூர்மையான உணரியைக் கொண்டுவாருங்கள். அதற்கு மில்லிலிட்டருக்கு 100 செல்கள் போதும். எத்தனை இரட்டிப்பு மிச்சமாகிறது? பத்துதான், ஏனென்றால் இரண்டைப் பத்து தடவை பெருக்கினாலே ஆயிரம் தாண்டிவிடும். பத்து இரட்டிப்பு என்றால் மூன்று மணி இருபது நிமிடம். பல ஆண்டு ஆராய்ச்சியில் உணரியை ஆயிரம் மடங்கு கூராக்கியதன் பலன் மூன்றேகால் மணி நேரச் சேமிப்பு! அது வீண் என்று சொல்லவில்லை. ஒரு வேலை நேரத்துக்குள் முடிவு கிடைக்கும் என்றால் அது தொழிற்சாலைக்குப் பெரிய விஷயம். ஆனால் ‘நாட்கள் நிமிடங்களாகின’ என்ற தலைப்பு வேறு, இது வேறு.

வளர்க்காமலே ஒன்றுதிரட்ட முடியாதா? முடியும், ஓரளவு. தெளிந்த தண்ணீர் என்றால் 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வில் 100 மில்லிலிட்டரையும் வடிகட்டிக் கிருமிகளைச் சவ்வின் மேலேயே நிறுத்திவிடலாம். கலங்கல் நீரில் சவ்வு அடைத்துக்கொள்ளும். பாலும் இறைச்சிக் கரைசலும் பெரும்பாலும் வடியவே வடியாது. எதிர்ப்பொருள் பூசிய காந்த மணிகளைக் கலந்து, அவை கிருமியைப் பிடித்ததும் காந்தத்தால் இழுத்துக்கொள்வது இன்னொரு வழி. கொழுப்பும் புரதமும் மணிகளைச் சூழ்ந்துகொள்ளாத வரை நன்றாகவே நடக்கும்.

திரட்டிய துளிக்குள்ளும் தொல்லை ஓயாது. நீந்தாத ஒரு பாக்டீரியா தானாக அலைந்து ஒரு மில்லிமீட்டர் தொலைவைக் கடக்க, விரவல் விதிப்படி சராசரியாக 13 நாட்கள் ஆகும். துளியின் உச்சியில் இருக்கும் செல், அடியில் இருக்கும் மின்வாயைத் தொடும் என்று காத்திருப்பது வீண். கலக்க வேண்டும், ஓட விட வேண்டும், அல்லது காந்தத்தால் இழுக்க வேண்டும். சில்லின் விலை மலிவாக இருந்தும் அதைச் சுற்றியுள்ள பம்பும் குழாயும் விலையை ஏற்றுவது இதனால்தான். டிரான்சிஸ்டர் வகை உணரிகளுக்கு இன்னொரு தடை. அவை கிருமியின் மின்சுமையை உணர வேண்டியவை; உடல் திரவம் போன்ற உப்புக் கரைசலில் அந்த மின்சுமை ஒரு நானோமீட்டருக்குள் மறைக்கப்பட்டுவிடுகிறது. எதிர்ப்பொருளின் உயரமே 10 நானோமீட்டர் அளவு. உப்பைக் குறைக்க மாதிரியில் நீரைச் சேர்த்தால் கிருமியும் நீர்த்துப்போகும். வேடிக்கையான சுழல்!

மரபணுவைப் பெருக்கும் முறைகள்தான் கையடக்கக் கருவிகளில் இப்போது நடைமுறைக்கு அருகில் இருப்பவை என்பது என் கருத்து. அவற்றில் பழையதான பி.சி.ஆர். முறைக்கு வெப்பத்தை ஏற்றி இறக்கும் இயந்திரம் வேண்டும். 2000-ல் ஜப்பானில் உருவான லேம்ப் முறைக்கு 60 முதல் 65 டிகிரியில் ஒரே நிலையான சூடு போதும். ஒரு சிறு சூடேற்றியும் பேட்டரியும் இருந்தால் காரியம் முடிந்துவிடும். முடிவை நிறமாற்றத்தாலோ கைப்பேசிக் கேமராவாலோ படிக்கலாம். 2017, 2018 ஆண்டுகளில் வந்த, குறிப்பிட்ட மரபணு வரிசையைத் தேடிப் பிடிக்கும் கிரிஸ்பர் வகைச் சோதனைகள், பெருகிய மரபணு நாம் தேடியதுதானா என்று இன்னொரு தடவை சரிபார்க்கின்றன. ஆனால் டி.என்.ஏ. செத்த கிருமியிலும் இருக்கும். குளோரின் போட்டுக் கொன்ற தண்ணீரில்கூட ‘கிருமி உண்டு’ என்று காட்டிவிடும். சவ்வு உடைந்த செல்களின் டி.என்.ஏ.வை மட்டும் பூட்டிவிடும் ஒரு சாயத்தைச் சேர்த்து இதைச் சமாளிக்கிறார்கள். வேலையில் ஒரு படி கூடுகிறது.

உயிருள்ளதா செத்ததா என்ற கேள்விக்கு அழகான பதில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களிடம் இருக்கிறது. பேஜ் எனப்படும் இவற்றை 1915-ல் ட்வோர்ட்டும் 1917-ல் டெரெல்லும் தனித்தனியே கண்டார்கள். ஒவ்வொரு பேஜும் தனக்குப் பிடித்த சில வகைகளை மட்டுமே தாக்கும். அதுவும் செல் உயிரோடு இருந்தால்தான் உள்ளே பெருகும். ஒளி உமிழும் நொதியின் மரபணுவை அதில் ஏற்றி அனுப்பினால், உயிருள்ள கிருமி தானே ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். செத்த கிருமி ஒளிராது. எதிர்ப்பொருளைப் போல விலங்கைக் கொண்டு தயாரிக்க வேண்டியதுமில்லை. இந்த வழிக்கு இன்னும் அதிக கவனம் கிடைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ‘நொடிகளில் பாக்டீரியா சோதனை’ என்ற பெயரில் ஏ.டி.பி. அளவிகள் விற்கப்படுகின்றன. மின்மினியின் நொதியைக் கொண்டு, ஒரு பரப்பில் உள்ள ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறை ஒளியாக அளப்பவை இவை. ஏ.டி.பி. எல்லா உயிர்ச் செல்லிலும் உண்டு. ஒட்டியிருக்கும் உணவுத் துணுக்கிலும் உண்டு. மேசை சுத்தமாகத் துடைக்கப்பட்டதா என்று பார்க்க நல்ல கருவி. சால்மோனெல்லா இருக்கிறதா என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது.

விரைவுச் சோதனை ஏற்கெனவே வென்ற இடங்களையும் சொல்ல வேண்டும். எல்லாமே கிருமியோ அதன் பொருளோ ஏராளமாகக் கிடைக்கும் இடங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு மரபாக வைத்திருக்கும் வரம்பே மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம்; அங்கே வளர்த்துப் பெருக்க வேண்டியதில்லை. தொண்டைப் புண்ணுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸைப் பஞ்சில் எடுத்துப் பத்து நிமிடத்தில் பார்க்கும் பட்டை மருத்துவர்களிடம் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதிலும் குழந்தைகளுக்கு ‘இல்லை’ என்று வந்தால் வளர்ப்புச் சோதனையால் உறுதிசெய்யும் வழக்கம் உண்டு.

வாங்குவதானால், முதலில் விற்பவரிடம் கேட்க வேண்டியது, கருவி எவ்வளவு மாதிரியை ஏற்கிறது என்பதை. ‘மில்லிலிட்டருக்கு 10 செல்கள் வரை காணும்’ என்ற பெருமைக்குப் பக்கத்தில் ‘50 மைக்ரோலிட்டர் விடவும்’ என்று இருந்தால், அந்தத் துளிக்குள் சராசரியாக அரைச் செல்தான் இருக்க முடியும்; அந்த இரு எண்களில் ஏதோ ஒன்று தவறு. அடுத்து, அந்த எண் தூய கரைசலில் அளந்ததா, உண்மையான பாலிலும் சேற்று நீரிலும் அளந்ததா என்பது. பிறகு, மாதிரி கையில் கிடைத்ததிலிருந்து முடிவு வரை ஆகும் மொத்த நேரம். எதிர்ப்பொருள் உள்ள பட்டைகளை எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும், எத்தனை மாதம் தாங்கும் என்பதும் முக்கியம். குளிர்பெட்டியை விட்டு வெளியே வராத கருவியைக் கையடக்கம் என்பதில் பொருளில்லை. எதிர்ப்பொருளுக்குப் பதில் ஆப்டமர் என்ற செயற்கை நியூக்ளிக் அமில இழைகள் உள்ளவை சூட்டைப் பொதுவாக நன்றாகத் தாங்கும்.

‘95 சதவீதம் துல்லியம்’ என்ற வாசகத்தைக் கண்டால் நிதானியுங்கள். ஆயிரம் மாதிரியில் ஒன்றில்தான் கிருமி இருக்கிறது என்று கொள்வோம். கருவி அந்த ஒன்றைப் பிடித்துவிடும். கூடவே கிருமியில்லாத 999-ல் ஐம்பதையும் ‘உண்டு’ என்று சொல்லும். ஆக, ‘உண்டு’ என்று வந்த முடிவுகளில் ஏறக்குறைய ஐம்பதில் ஒன்றுதான் உண்மை. அபூர்வமான கிருமியைத் தேடும்போது ‘உண்டு’ என்பது மறுசோதனைக்கான அழைப்பு மட்டுமே.

உங்கள் தேவை கிணற்று நீரையோ தொட்டி நீரையோ பார்ப்பது மட்டும்தான் என்றால், அரை மணி ஆசையை விட்டுவிட்டு ஓர் இரவு காத்திருக்கும் எளிய சோதனையை வாங்குங்கள் என்பேன். மலக்கழிவு கலந்த நீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தரும் பாக்டீரியா இருக்கும் என்ற அடிப்படையில், கறுக்கும் தாள் வைத்த குப்பிச் சோதனையை மாஞ்சாவும் அவருடைய கூட்டாளிகளும் 1982-ல் வெளியிட்டார்கள். மின்சாரம் வேண்டாத, மிக மலிவான வழி. நிலத்தடி நீரில் இயற்கையாகவே சல்ஃபைடு இருந்தால் மட்டும் அது ஏமாற்றும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் நொதிச் சோதனை: ஈ.கோலை இருந்தால் அதன் ஒரு நொதியின் வேலையால் 24 மணி நேரத்தில் மாதிரி புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். மேலே சொன்ன ஓ157:எச்7 வகையிடம் பெரும்பாலும் அந்த நொதியின் செயல்பாடு இல்லாததால் அது இதில் ஒளிராது. ஆனாலும் சாதாரண ஈ.கோலை வந்த வழியில்தான் அதுவும் நீருக்குள் வரும். நாம் இங்கே கண்டுபிடிப்பது அந்த வழி திறந்திருக்கிறது என்பதை.

கடைசியாக, விளம்பரங்கள் சொல்லாத ஒரு வேலை. வளர்த்துப் பார்க்கும் எந்தச் சோதனையிலும், முடிவு வந்தபோது உங்கள் கையில் இருப்பது கோடிக்கணக்கான உயிருள்ள கிருமிகள் நிறைந்த குப்பி. அதை அப்படியே சாக்கடையில் கொட்டக் கூடாது. திரவத்தில் பத்தில் ஒரு பங்கு வீட்டு உபயோக பிளீச்சிங் திரவத்தைச் சேர்த்து, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுக் கொட்டுங்கள், கையுறை அணிந்துகொள்ளுங்கள், சமையலறைத் தொட்டியில் மட்டும் வேண்டாம்.